ஏபி தேர்வுக் கட்டணத்தை யார் கட்ட வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்க அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஏபி (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட் – பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி அளவிலான) பாடங்கள் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: மே மாதத் தேர்வுக்கான பணம். கீழே வரும் தொகைகள் 2024-25 கல்வியாண்டுக்கானவை. வருடத்துக்கு ஒரு டாலர் போல ஏறும் வழக்கம் உண்டு. உங்கள் ஆண்டுக்கான தொகையைப் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பில் நான்கு ஏபி பாடம் எடுத்திருக்கிறாள். 420 டாலர் கட்டச் சொல்லிப் பள்ளியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. ஒரு தேர்வுக்கு 99 டாலர் என்று பார்த்தாலும் 396தானே வர வேண்டும்? அதைவிட, அரசுப் பள்ளியில் படிப்பு இலவசம் என்கிறார்களே, இப்படிக் கேட்பது சட்டப்படி சரியா? – வாசகி, கலிபோர்னியா

முதலில் அந்த 24 டாலர். 99 டாலர் என்பது தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு நிர்ணயித்த தொகை. அதிலேயே 9 டாலரைப் பள்ளி தன் நிர்வாகச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம்; மீதி 90தான் காலேஜ் போர்டுக்குப் போகும். மேற்பார்வையாளர் சம்பளம், இடவசதி என்று செலவு கூடினால் பள்ளி அதற்கு மேலும் வசூலிக்க காலேஜ் போர்டு தடை சொல்வதில்லை. உங்கள் பள்ளி தேர்வுக்கு 105 வைத்திருக்கிறது. அந்த ஆறு டாலர் எதற்கு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஏபி செமினார், ஏபி ரிசர்ச் இரண்டுக்கும் மட்டும் கட்டணமே வேறு, 147 டாலர். மகள் எடுத்ததில் அவை இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சட்டம். கலிபோர்னியாவில் 1984-ல் மாநில உச்ச நீதிமன்றம் ஹார்ட்செல் எதிர் கானெல் வழக்கில், பள்ளி நடத்தும் கல்விச் செயல்பாட்டுக்குக் கட்டணம் கேட்பது மாநில அரசியலமைப்பு தரும் இலவசக் கல்விக்கு முரண் என்றது. 2012-ல் நிறைவேறிய ஏபி 1575 என்ற சட்டம் (இந்த ஏபி சட்டசபை மசோதாவின் எண், தேர்வோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) அதற்கு நடைமுறை வகுத்தது. "கஷ்டப்படுகிறவர்களுக்குத் தள்ளுபடி தருகிறோம்" என்று சொல்வதால் மட்டும் தவறான கட்டணம் சரியாகிவிடாது என்பதையும் அது தெளிவாகவே சொல்கிறது.

அப்படியானால் ஏபி கட்டணம் எப்படி வாங்குகிறார்கள்? பாடம் வேறு, தேர்வு வேறு என்ற அடிப்படையில்தான். தேர்வு எழுதுவது மாணவரின் விருப்பம், எழுதாவிட்டாலும் மதிப்பெண்ணிலோ பாடத்துக்கான கிரெடிட்டிலோ (பாடத்தை முடித்ததற்குத் தரும் கணக்கிலோ) கை வைக்க மாட்டோம் என்றால் கட்டணம் கேட்கலாம். கட்டாயம் என்றால் கேட்கக் கூடாது. ஆகவே மகளின் பாடத்திட்டக் குறிப்பை எடுத்து, மே மாதத் தேர்வு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "அனைவரும் எழுத வேண்டும்" என்றோ, "எழுதாதவர்களுக்கு ஜிபிஏ-வில் (மொத்த மதிப்பெண் சராசரியில்) கூடுதல் எடை கிடையாது" என்றோ இருந்தால் அந்தத் தாளோடு பிரின்ஸிபாலிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பெயர் போடாமலும் கொடுக்கலாம். ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். புகார் சரி என்றால் உங்களுக்கு மட்டுமல்ல, அந்தக் கட்டணம் கட்டிய எல்லாக் குடும்பங்களுக்கும் தீர்வு கிடைக்கப் பள்ளி வழி செய்ய வேண்டும்.

மற்ற மாநிலங்களிலும் தேர்வு விருப்பமா, கட்டாயமா என்ற இதே கோடுதான் முக்கியம். வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் நடந்ததைப் பாருங்கள். அப்போது அங்கே ஏபி பாடம் எடுத்தால் தேர்வு எழுதியே ஆக வேண்டியிருந்தது. கட்டணத்தைப் பள்ளி நிர்வாகமே கட்டி வந்தது. பட்ஜெட் நெருக்கடியில் 2010-11 கல்வியாண்டுக்கு ஒரு தேர்வுக்கு 75 டாலர் பெற்றோர் தலையில் வைத்தார்கள். கட்டாயத் தேர்வுக்குக் கட்டணம் வாங்க முடியாது என்று மாநில அட்டர்னி ஜெனரல் கருத்துச் சொன்ன பிறகு அதைக் கைவிட வேண்டி வந்தது. பின்னாளில் அவர்கள் வந்து சேர்ந்த ஏற்பாடு, முதல் ஆறு தேர்வு வரை நிர்வாகம் கட்டும், ஏழாவதிலிருந்து குடும்பம் கட்டும் என்பது. எங்களுக்கு இது நியாயமான வழியாகவே படுகிறது. காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

எங்கள் பள்ளி மாவட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு இலவசம், அதனால் நாங்கள் எந்தப் படிவமும் நிரப்பியதில்லை. கணவரின் சம்பளம் ஒன்றில்தான் குடும்பம் ஓடுகிறது. மகனுக்கு மூன்று ஏபி தேர்வு. சலுகை இருக்கிறது என்கிறார்கள்; பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரைக் கேட்டால் "உங்கள் பெயர் பட்டியலில் இல்லை" என்கிறார். – வாசகி, பெயர் வேண்டாம்

இந்தக் கடிதம்தான் எங்களை அதிகம் உறுத்தியது. இதில் யார் பேரிலும் கெட்ட எண்ணம் இல்லை, ஆனாலும் பிள்ளை வெளியே நிற்கிறான்.

சலுகை இப்படி வேலை செய்கிறது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு காலேஜ் போர்டு ஒரு தேர்வுக்கு 37 டாலர் குறைக்கிறது. பள்ளி தன் 9 டாலரை விட்டுக்கொடுக்க வேண்டும். மீதி 53 டாலர். இந்த 53-ஐயும் சில மாநிலங்களோ மாவட்டங்களோ ஏற்றுக்கொள்கின்றன. அங்கே உங்கள் கையிலிருந்து எதுவும் போகாது. தேர்வு எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கிடையாது, மூன்றுக்கும் பெறலாம்.

தகுதியைக் காட்ட வழக்கமான வழி, குறைந்த விலை அல்லது இலவச மதிய உணவுக்கான வருமானத் தகுதி. அதாவது வறுமைக்கோட்டு அளவில் 185 சதவீதம் வரை. அந்த ஆண்டில் நான்கு பேர் குடும்பத்துக்கு இது 57,720 டாலர். வரி பிடிப்பதற்கு முந்தைய மொத்தச் சம்பளத்தைத்தான் பார்ப்பார்கள். கைக்கு வருவதை வைத்துக் கணக்குப் போட்டு ஏமாற வேண்டாம். ஸ்நாப் எனப்படும் உணவு உதவி வாங்கும் குடும்பத்துப் பிள்ளைக்கும் தகுதி உண்டு.

சிக்கல் எங்கே வருகிறது? எல்லோருக்கும் சாப்பாடு இலவசம் என்று ஆனதும் யாரும் வருமானப் படிவம் நிரப்புவதில்லை. பள்ளியின் கணினியில் உங்கள் வருமானம் பற்றி ஒரு வரியும் இருக்காது. கலிபோர்னியா, மெய்ன் போன்ற மாநிலங்களில் 2022-23 முதல் மாநிலம் முழுக்கவே சாப்பாடு இலவசம். எல்லோருக்கும் கிடைக்கும் சாப்பாட்டைச் சாப்பிடுவதால் மட்டும் தேர்வுச் சலுகைக்குத் தகுதி வந்துவிடாது. குடும்ப வருமானத்தைத் தனியாகக் காட்ட வேண்டும். பசியைத் தீர்க்க வந்த நல்ல ஏற்பாடு, இந்த இடத்தில் மட்டும் ஆதாரத்தைக் காணாமல் அடித்துவிடுகிறது.

ஆகவே கவுன்சிலரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பள்ளியிலும் ஏபி ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருப்பார். தேர்வை ஆர்டர் செய்வதும் சலுகையைக் குறிப்பதும் அவர்தான். அவருக்கு மெயில் எழுதி, மகனின் பெயர், வகுப்பு, மூன்று பாடங்கள், "வருமான அடிப்படையில் கட்டணக் குறைப்பு வேண்டும், எந்தப் படிவம் தர வேண்டும்" என்ற கேள்வி, இவ்வளவு போதும். சாப்பாட்டுப் படிவத்துக்குப் பதிலாகப் பல மாவட்டங்களில் 'மாற்று வருமானப் படிவம்' என்று ஒன்று வைத்திருப்பார்கள். இல்லையென்றால் வருமான வரித் தாக்கலின் முதல் பக்கமோ சம்பள ரசீதோ கேட்பார்கள்.

ஒருங்கிணைப்பாளர் இணையத்தில் உங்கள் மகனின் பெயருக்கு நேரே சலுகையைக் குறிக்கக் கடைசி நாள் ஏப்ரல் 30. அதனால் முழுத்தொகையும் கட்டிவிட்டவர்கள்கூட அந்தத் தேதிக்கு முன் கேட்டுப் பார்க்கலாம். ஏப்ரல் கடைசி வாரம் அவருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அக்டோபரிலேயே கேட்பது நல்லது.

ஃப்ளோரிடாவில் இருந்தவரை ஒரு காசு கட்டியதில்லை. வேறு மாநிலத்துக்கு மாறியதும் கேட்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? – வாசகர்

இது முழுக்க மாநிலச் சட்டமன்றத்தின் முடிவு. ஃப்ளோரிடாவில் அரசுப் பள்ளியில் ஏபி பாடம் படிப்பவருக்குத் தேர்வுக் கட்டணம் கிடையாது, தேறினாலும் தேறாவிட்டாலும். அங்கே ஒரு மாணவர் (ஏபி மதிப்பெண் 1 முதல் 5 வரை) 3 அல்லது அதற்கு மேல் எடுத்தால் மாவட்டத்துக்குக் கூடுதல் நிதியும், ஆசிரியருக்கு மாணவர் ஒருவருக்கு 50 டாலர் ஊக்கத்தொகையும் உண்டு. நார்த் கரோலினா 2014-15 முதல் எல்லா மாணவருக்கும் கட்டுகிறது. ஆர்கன்ஸாவும் சவுத் கரோலினாவும் அப்படியே. வேறு பல மாநிலங்கள் வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும் கட்டுகின்றன. எதுவும் கட்டாத மாநிலங்களில் ஒவ்வொரு மாவட்டமும் தன் இஷ்டம்.

முன்பு இதற்கென்றே மத்திய அரசின் தனித் திட்டம் ஒன்று இருந்தது. 2015 டிசம்பரில் வந்த கல்விச் சட்டம் அதை எடுத்து, டைட்டில் 4 பகுதி ஏ என்ற பொது மானியத்துக்குள் போட்டுவிட்டது. ஏழை மாணவரின் தேர்வுக் கட்டணத்துக்கு அந்தப் பணத்தைச் செலவழிக்கலாம். ஆனால் செலவழித்தே ஆக வேண்டும் என்றில்லை. கேட்கிறவர் இல்லாத ஊரில் அது வேறு வேலைக்குப் போய்விடும்.

என் பிள்ளைகள் ஏபி எடுக்கவில்லை. நன்றாகச் சம்பாதிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் எட்டு, பத்து தேர்வு எழுதுகிறார்கள். அதற்கு ஏன் என் வரிப்பணம்? முடியாதவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா? – வாசகர், டெக்ஸாஸ்

கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதனால் கணக்கோடு பார்ப்போம். ஒரு பள்ளியில் 400 பேர் ஆளுக்கு இரண்டு தேர்வு எழுதுகிறார்கள் என்று வையுங்கள், 800 தேர்வு. அதில் 200 தேர்வு வருமானம் குறைந்தவர்களுடையது. அவர்களுக்குக் கட்ட 200 × 53 = 10,600 டாலர். மீதி 600 தேர்வுக்குப் பள்ளி தன் 9 டாலரை எடுத்துக்கொண்டபின் 600 × 90 = 54,000 டாலர். ஆக மொத்தம் 64,600. முதல் தொகையில் யாருக்கும் தகராறு இருக்காது. வாதம் அந்த 54,000 பற்றித்தான். பல ஊர்களில் ஓர் ஆசிரியர் பணியிடத்துக்கு நெருங்கிவரும் தொகை அது, சின்னதல்ல.

ஆனாலும் ஒரு வரம்பு வரை எல்லோருக்கும் பள்ளியே கட்டுவதுதான் சரி என்று சொல்கிறோம். மேலே சாப்பாட்டுப் படிவம் பற்றி எழுதிய வாசகியை நினைத்துப் பாருங்கள். 'முடியாதவர்களுக்கு மட்டும்' என்ற ஏற்பாட்டில் முடியாதவர் முதலில் தன்னை நிரூபிக்க வேண்டும். படிவம் தெரியாதவர், கேட்கக் கூச்சப்படுகிறவர், 185 சதவீதத்துக்கு நூறு டாலர் மேலே இருப்பவர் எல்லோரும் விடுபட்டுப் போவார்கள். 58,000 டாலர் வருமானத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு ஆறு தேர்வு என்றால் 594 டாலர், அதுவும் அக்டோபரில் மொத்தமாக. அந்த வீட்டில் பிள்ளையே "எனக்கு இது வேண்டாம்மா" என்று சொல்லிவிடும். அது எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது.

பள்ளிதான் அந்தப் பாடத்தை நடத்துகிறது, ஆசிரியருக்குச் சம்பளம் தருகிறது, புத்தகம் தருகிறது. பத்து மாதம் செலவழித்துப் படிக்க வைத்துவிட்டு, கல்லூரியில் செல்லுபடியாகும் ஒரே சான்றான அந்த மூன்று மணி நேரத்தை மட்டும் வீட்டுக் கணக்கில் எழுதுவது பொருந்தவில்லை. இல்லினாயில் 2016-17 முதல் அரசுப் பல்கலைக்கழகங்கள் 3 எடுத்தாலே கிரெடிட் தர வேண்டும் என்று சட்டம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலும் 3 முதல் பட்டத்துக்கான யூனிட் கிடைக்கும். பாடத்தில் ஏ வாங்கிவிட்டுத் தேர்வு எழுதாத பிள்ளைக்கு இதெல்லாம் கிடையாது.

நீங்கள் சொல்லும் எட்டு, பத்து தேர்வுக்குத்தான் உச்சவரம்பு. முதல் ஆறோ, வருடத்துக்கு இரண்டோ பள்ளி கட்டட்டும். அதற்குமேல் எழுதுகிறவர் கட்டிக்கொள்ளட்டும்.

ஒரு வழியை மட்டும் அடியோடு எதிர்க்கிறோம்: "முதலில் நீங்கள் கட்டுங்கள், 3 எடுத்தால் திருப்பித் தருகிறோம்." கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இலையுதிர் காலத்தில் 99 டாலர் கையில் இருப்பவருக்கும், 3 நிச்சயம் என்று தெரிந்தவருக்கும்தான் அது உதவும். இரண்டுமே இல்லாத பிள்ளைக்கு அது பூட்டிய கதவு.

பள்ளி கட்டினால் பிள்ளைகள் அலட்சியமாகப் போய் உட்காருவார்கள் என்பதும் உண்மைதான். எல்லோரும் எழுதியே ஆக வேண்டும் என்ற பள்ளிகளில் முதல் பத்து நிமிடத்தில் மேசையில் தலை வைத்துத் தூங்குகிறவர்கள் உண்டு. கட்டணம் வாங்கினால் இது தீராது. கட்டாயத்தை எடுத்தால் தீரும். எழுத விரும்புகிறவருக்குப் பள்ளி கட்டட்டும், விரும்பாதவரை விட்டுவிடட்டும்.

பிப்ரவரியில் மகன் ஒரு தேர்வை வேண்டாம் என்றான். முழுப்பணமும் திரும்பாது, 40 டாலர் பிடிப்போம் என்கிறது பள்ளி. – வாசகர், நியூ ஜெர்ஸி

சரிதான். நவம்பர் நடுவில் ஆர்டர் முடிந்தபின் ரத்து செய்தாலோ, தேர்வன்று வராவிட்டாலோ காலேஜ் போர்டு பள்ளியிடம் 40 டாலர் வாங்குகிறது. நவம்பர் தேதியைத் தவறவிட்டு மார்ச் நடுப்பகுதிக்குள் புதிதாகச் சேர்த்தாலும் தேர்வுக்கு 40 டாலர் கூடுதல். இரண்டாம் செமஸ்டரில் மட்டுமே தொடங்கும் பாடத்துக்கு இந்தத் தாமதக் கட்டணம் கிடையாது. சில பள்ளிகள் தெரியாமல் வாங்கிவிடுவது உண்டு, கேட்டுத் திரும்பப் பெறுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு. ஆசிரியர் தரும் ஆறு எழுத்துக் குறியீட்டைப் போட்டு மாணவர் இணையத்தில் ஏபி வகுப்பில் சேர்ந்துவிடுவார். "பதிவு ஆகிவிட்டது" என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். அது வகுப்பில் சேர்ந்தது மட்டும்தான். தேர்வு எழுதுவதாக முடிவைக் குறித்து, ஒருங்கிணைப்பாளர் ஆர்டரை அனுப்பினால்தான் தாள் உண்டு. நவம்பர் முதல் வாரத்தில் "ஆர்டர் போய்விட்டதா?" என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். அந்த ஒரு வரி 40 டாலரைக் காக்கும்.

எங்கள் பிடிஏ-வில் (பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில்) இதைப் பள்ளி வாரியத்திடம் கொண்டுபோக நினைக்கிறோம். எதைக் கேட்பது, எப்போது கேட்பது? – வாசகி, பென்சில்வேனியா

காலம்தான் முதல் விஷயம். பள்ளி மாவட்டங்களின் நிதியாண்டு பெரும்பாலும் ஜூலை 1-ல் தொடங்கும். மே மாதம் தேர்வு நடக்கும்போது போய் நின்றால் பட்ஜெட் ஏறக்குறைய முடிந்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் போங்கள்.

போகும் முன் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு வாங்க வேண்டியவை: சென்ற ஆண்டு எத்தனை பேர் ஏபி பாடத்தில் இருந்தார்கள், எத்தனை தேர்வு ஆர்டர் ஆனது, அதில் எத்தனைக்குச் சலுகை, எத்தனை தாமதக் கட்டணம், எத்தனை பேர் வரவில்லை. பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். பாடம் எடுத்தவர்களுக்கும் தேர்வு எழுதியவர்களுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி, சலுகைக்குத் தகுதி இருந்தும் வாங்காதவர் எத்தனை பேர் என்ற இரண்டையும் வாரியத்தின் முன் வைத்தால் பேச்சே மாறிவிடும்.

ஒரேயடியாக "எல்லாவற்றையும் கட்டுங்கள்" என்று கேட்டால் "பணமில்லை" என்ற ஒரே பதிலோடு கூட்டம் முடிந்துவிடும். படிப்படியாகக் கேளுங்கள். முதல் ஆண்டில் அந்த 53 டாலரை மாவட்டம் ஏற்கட்டும்; டைட்டில் 4 பகுதி ஏ பணத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று நிதி அலுவலரைக் கூட்டத்திலேயே பதில் சொல்லச் சொல்லுங்கள். அந்த மானியம் 30,000 டாலருக்குமேல் வாங்கும் மாவட்டம் அதில் 20 சதவீதமாவது பரந்த கல்வி வாய்ப்புகளுக்குச் செலவழிக்க வேண்டும் என்பது விதி. தேர்வுக் கட்டணத்தை அந்தப் பங்கிலிருந்து கேளுங்கள். அதோடு, ஆகஸ்ட் மாதச் சேர்க்கைப் படிவத்திலேயே வருமானப் பகுதியைச் சேர்க்கச் சொல்லுங்கள், இதற்குச் செலவே இல்லை. அடுத்த ஆண்டு ஒவ்வொரு மாணவருக்கும் முதல் தேர்வின் கட்டணத்தை ஏற்கட்டும். பிறகு உச்சவரம்பை உயர்த்தலாம்.

பள்ளியின் கவனக்குறைவால் வரும் தாமதக் கட்டணத்தைப் பள்ளியே ஏற்கும் என்று கொள்கையில் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது ஒருங்கிணைப்பாளர் மாறினால் அவரோடு போய்விடும்.

மகள் பள்ளியில் இல்லாத ஒரு பாடத்தைத் தானாகப் படிக்கிறாள். அவளுக்கும் பள்ளி கட்டுமா? – வாசகர், நார்த் கரோலினா

பாடத்தில் சேர்ந்து படிப்பவர்களை வைத்துத்தான் இந்த ஏற்பாடுகள் எழுதப்பட்டிருக்கின்றன. தானாகப் படிப்பவருக்குக் கட்டணம் நீங்கள் கட்ட வேண்டி வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். எழுத மட்டும் வழி உண்டு. 'தேர்வு மட்டும்' என்ற தனிப் பிரிவை ஒருங்கிணைப்பாளர் உருவாக்கிக் குறியீடு தருவார். உங்கள் பள்ளி அந்தத் தேர்வை நடத்தாவிட்டால் பக்கத்துப் பள்ளியைக் கேட்க வேண்டும். செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடுங்கள்; வெளி மாணவரை ஏற்க வேண்டும் என்று எந்தப் பள்ளிக்கும் கட்டாயமில்லை, இரண்டு மூன்று இடத்தில் கேட்டுப் பார்க்கும்படி ஆகும். தேர்வு முடிந்ததும் ஜூன் 20-க்குள் ஒரு கல்லூரியை இணையத்தில் குறித்துவிட்டால் மதிப்பெண் அங்கே இலவசமாகப் போகும். பிறகு அனுப்பினால் கல்லூரி ஒன்றுக்கு 15 டாலர்.